வாடகை தராமல் ஏமாற்றிய பார்ட்டி மீது வழக்கு: மலைக்கு இந்தப் பக்கம் இருந்தே பணத்தை மீட்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தினமும் லாரிகள் கேரளத்துக்குள் இறங்குகின்றன. காய்கறி, வாழைத்தார், திராட்சை என்று லோடு எதுவானாலும் நடைமுறை ஒன்றுதான். டீசலுக்கும் டிரைவர் படிக்கும் ஆகும் அளவுக்கு அட்வான்ஸ் வரும், பேலன்ஸ் வாடகை சரக்கு இறங்கிய பிறகு. இந்த பேலன்ஸில்தான் ஏமாற்று நடக்கிறது. முதல் சில லோடுக்கு ஒழுங்காகப் பணம் போட்டு நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், அப்புறம் வரிசையாகப் பத்து லோடு ஏற்றவைத்துவிட்டு போனை எடுப்பதை நிறுத்திவிடுவார். போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருக்கும், ஜி.எஸ்.டி. எண் ரத்தாகியிருக்கும்.

இந்த நிலையில் லாரி உரிமையாளர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. "போலீஸில் 420 கொடுத்தால் பணம் தானாக வரும்" என்பது ஒன்று. "பார்ட்டி கேரளா, கேஸும் அங்கேதான் போடணும், அலைய முடியாது, விட்டுடலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இரண்டாவது நம்பிக்கையால் பலர் சட்டப்படி வரவேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் அதுதான் கூடுதல் வருத்தம் தருகிறது.

முதலில், வாடகை தரவேண்டியவர் யார்?

வழக்கு யார் மீது என்பது எல்.ஆர். எனப்படும் சரக்கு ரசீதில் தொடங்குகிறது. சரக்கைக் கொடுத்து அனுப்புபவர் அனுப்புநர், எடுப்பவர் பெறுநர். ரசீதில் 'பெய்டு' என்றிருந்தால் வாடகைப் பொறுப்பு அனுப்புநருடையது. 'டூ பே' என்றால் சரக்கை எடுக்கும்போது பெறுநர் தரவேண்டும். 'பில்லிங் பார்ட்டி' என்று மூன்றாவது ஒருவர் பெயர் இருந்தால் அவர்தான் கடனாளி.

சிக்கல் வருவது புக்கிங் ஆபீஸ் புரோக்கர் வழியாக லோடு கிடைக்கும்போது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 230-இன்படி, இன்னாருக்காக ஒப்பந்தம் செய்கிறேன் என்று சொல்லிச் செய்யும் முகவர் பொதுவாகத் தனிப்பட்ட பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் யாருக்காக என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவரே பொறுப்பு என்று சட்டம் அனுமானிக்கிறது. "எர்ணாகுளம் பார்ட்டி" என்று மட்டும் சொல்லி லோடு கொடுத்த புரோக்கரையும் பிரதிவாதியாகச் சேர்க்க இது இடம் தருகிறது.

கடை ஒருவருக்கு மட்டும் சொந்தம் என்றால் அந்த ஆள் மீதே வழக்கு. கம்பெனி என்றால் கம்பெனி மீது. அதன் இயக்குநர்கள் கம்பெனிக் கடனுக்குப் பொதுவாகச் சொந்தப் பொறுப்பு ஏற்கமாட்டார்கள்.

மோசடியை நிரூபிப்பதா, கடனை நிரூபிப்பதா?

ஏமாற்றப்பட்டவருக்குக் கோபம் இருக்கும். "இவன் திட்டம்போட்டு ஏமாத்தினான்" என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டும் என்று மனம் கேட்கும். ஆனால் பணம் வேண்டும் என்றால், வழக்கைக் கடன் வழக்காகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

காரணம் எளிது. லோடு ஏற்றினேன், இறக்கினேன், இவ்வளவு வாடகை பேசினோம், இவ்வளவு வந்தது, மீதி வரவில்லை: கடன் வழக்கில் நிரூபிக்க வேண்டியது இவ்வளவுதான். மோசடி என்று எழுதிவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 4-இன்படி என்ன பொய், எப்போது, யார் சொன்னது என்று தேதியோடு விவரம் தரவேண்டும். அதை நிரூபிக்கும் சுமையும் வாதி தலையில். மடியில் இருக்கும் எளிய வழக்கைக் கடினமான வழக்காக நாமே மாற்றிக்கொள்கிறோம்.

குற்றவியல் பக்கம் இன்னும் கடினம். ஏமாற்றுக் குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு 420-இன் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4) இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே ஏமாற்றுக் குற்றம் ஆகாது, ஒப்பந்தம் செய்த அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-இல் சொன்னது. அதன் பிறகும் பலமுறை சொல்லிவிட்டது. லோடு ஏற்றும் நாளில் நாணயமாக இருந்து, வியாபாரம் நொடித்துப் பணம் தராதவர் இதில் வரமாட்டார். ரத்தான ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தவர், இல்லாத முகவரியைச் சொன்னவர், பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கை இறக்கவைத்தவர் மீது புகாருக்கு உயிர் உண்டு. அப்போதும் போலீஸின் வேலை குற்றத்தை விசாரிப்பது; வாடகையை வசூலித்துத் தருவது அவர்கள் அதிகாரத்தில் இல்லை. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கிவிட்டோம் என்று உரிமையியல் வழக்கைத் தள்ளிப்போட்டால் காலவரம்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

மோசடிக்கான ஆதாரம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஜப்தி கேட்கும்போதும், கடைசியில் தீர்ப்பை நிறைவேற்றும்போதும் அது உதவும். கீழே அது வருகிறது.

சரக்கு கையில் இருக்கும்போதே உள்ள உரிமை

கோர்ட்டுக்குப் போகும் முன் சட்டம் தரும் ஆயுதம் ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 1865-இல் இருந்து இருந்த பழைய சட்டத்தை அது மாற்றியது. அதன் பிரிவு 15, டெலிவரி எடுக்கும்போது பெறுநர் வாடகையும் மற்றச் செலவும் தரவில்லை என்றால், அனுப்புநரோடு வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், சரக்கை நிறுத்திவைக்கவும் விற்று எடுத்துக்கொள்ளவும் பொதுச் சரக்கு ஏற்றுநருக்கு (யார் சரக்கானாலும் வாடகைக்கு ஏற்றும் தொழில் செய்பவருக்கு) உரிமை தருகிறது. பெறுநர் சரக்கை எடுக்கவே வராவிட்டால், சாதாரணச் சரக்குக்கு அறிவிப்பிலிருந்து 30 நாள், அழுகும் சரக்குக்கு 24 மணி நேரம் கழித்து அது கேட்பாரற்ற சரக்காகிவிடும். தக்காளிக்கும் வாழைக்கும் இந்த 24 மணி நேரம்தான் கணக்கு. விற்ற பணத்தில் வாடகை, கிடங்குச் செலவு போக மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய பத்து லோடு பாக்கிக்காக இன்று ஏற்றிய பதினோராவது லோடைப் பிடித்துவைக்க முடியுமா? பொதுவாக முடியாது. எந்தப் பாக்கிக்கும் எந்தப் பொருளையும் பிடித்துவைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 வங்கி, வழக்கறிஞர் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. லாரிக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்தில் தனி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே செல்லும். அது இல்லாமல் பிடித்துவைத்தால், எதிர் பார்ட்டி நம்மீது நஷ்டஈடு வழக்கு போட வழி பிறக்கும்.

எந்த ஊர் கோர்ட்?

உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 20 இரண்டு வாசல்களைத் திறக்கிறது. பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம் ஒன்று. வழக்கு மூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள், முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ எழுந்த இடம் மற்றொன்று. கம்பத்தில் பேசி, கம்பத்தில் லோடு ஏற்றி, கம்பத்தில் உள்ள வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லியிருந்தால், வழக்கு மூலத்தின் ஒரு பகுதி கம்பத்தில் எழுந்துவிட்டது. அப்படியானால் உத்தமபாளையம் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம்.

இந்தப் பகுதிக்கு நெருக்கமான முன்னுதாரணமே இருக்கிறது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபார நிறுவனம் ஒன்று டில்லிக்கு அனுப்பக் கொடுத்த சரக்கு கிடங்கில் தீப்பிடித்துச் சேதமானது. நிறுவனம் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பம்பாய் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறோம் என்றது சரக்குப் போக்குவரத்து நிறுவனம். 1991-இல் பட்டேல் ரோட்வேஸ் எதிர் பிரசாத் டிரேடிங் கம்பெனி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நிறுவனத்துக்குப் போடியிலேயே கிளை இருந்தது, வழக்கு மூலமும் அங்கேதான் எழுந்தது. சட்டப்படி அதிகாரம் இல்லாத பம்பாய் நீதிமன்றத்துக்கு இருவரும் பேசிவைத்து அதிகாரம் கொடுக்க முடியாது என்றது.

அது ஏற்றுநர் மீதான வழக்கு. வாடகை வழக்கில் திசை எதிர். பாடம் மட்டும் ஒன்றே. எல்.ஆர். புத்தகத்தில் "உத்தமபாளையம் நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது" என்று அச்சிட்டால் செல்லும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. சம்பந்தமே இல்லாத ஊரை அச்சிட்டால் அந்த வரி செல்லாது.

பணம் கேட்கும் நான்கு வழிகள்

1. செக் கேஸ். பார்ட்டி கொடுத்த செக் திரும்பியிருந்தால் இதுதான் அழுத்தம் மிகுந்த வழி. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடவேண்டும். திரும்பியதாக வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138 இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ சொல்கிறது. எல்லைப்புற லாரிக்காரருக்கு 2015 திருத்தம் பெரிய உதவி: நம் கணக்கில் போட்ட செக் என்றால், நம் கணக்கு உள்ள வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கே வழக்கு. கம்பம் கிளையில் கணக்கு இருந்தால், கோட்டயம் வியாபாரி இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். 2018-இல் சேர்த்த பிரிவு 143ஏ-இன்படி, நீதிமன்றம் தகுதி என்று கருதினால், வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கிடைக்கலாம். கம்பெனி செக் என்றால் கையெழுத்துப் போட்டவரோடு கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க மறக்கக்கூடாது. விட்டால் வழக்கே நிற்காது.

2. சிறுதொழில் கவுன்சில். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமாக லாரித் தொழில் நடந்தால் இந்த வழி திறக்கும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, சேவை பெற்றவர் பேசிய தேதிக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் எப்படிப் பேசினாலும் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சேவை தந்தவர் இருக்கும் மாநிலக் கவுன்சிலே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விசாரிக்கலாம். உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போக எதிர் பார்ட்டி 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டவேண்டும். வேலை செய்வதற்கு முன்பே பதிவு இருந்திருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022-இல் எடுத்தது. பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்வதை நம்பி இருக்கவேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் பதிவை இன்றே போட்டுவிடுவது பாதுகாப்பு. இந்த வழி பலருக்குத் தெரியவே இல்லை.

3. சுருக்க விசாரணை வழக்கு. எழுத்து ஒப்பந்தமோ செக்கோ இருந்து தொகை திட்டமாகத் தெரிந்தால், கட்டளை 37-இன்படி. பிரதிவாதி 10 நாளில் ஆஜராகி, அப்புறம் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுப் பெறவேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் நேரே தீர்ப்பு.

4. சாதாரணப் பண வழக்கு. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் எல்.ஆர்., இறக்கிய சீல் மட்டும் இருப்பவர்களுக்கு.

மூன்றாவது, நான்காவது வழிகளில் தொகையைக் கவனிக்கவேண்டும். சரக்குப் போக்குவரத்துத் தகராறு 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தில் வணிகத் தகராறு. 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கோரிக்கை வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பில், சமரசம் முயலாமல் போடும் வழக்கு நிராகரிக்கப்படும் என்றது உச்ச நீதிமன்றம். அவசரத் தடை அல்லது ஜப்தி உத்தரவு உண்மையாகவே தேவைப்படும் வழக்குக்கு மட்டும் விலக்கு. சமரச நாட்கள் காலவரம்பில் சேராது.

பாக்கி 2,90,000 ரூபாய், வட்டியோடு 3,10,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்குப் போடும் நாள் வரையான வட்டியும் மதிப்பில் சேரும் என்பதால் இது வணிக நீதிமன்ற வழக்கு. மறந்துபோய்ச் சாதாரண நீதிமன்றத்தில் போட்டால், மாதக்கணக்கில் காத்திருந்தபின் மனு திரும்பிவரும்.

தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் கோரிக்கைத் தொகையில் 3 சதவீதம். நான்கு லட்சத்துக்கு 12,000 ரூபாய். சமரசத்தில் முடிந்தால் இது திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

முன்பெல்லாம் செக்போஸ்ட் சீல் ஒரு சாட்சி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. இப்போது அந்த இடத்தை நிரப்புபவை:

• இ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குக் கட்டாயம். அனுப்புநர், பெறுநர் ஜி.எஸ்.டி. எண், லாரி எண், தேதி எல்லாம் ஒரே தாளில். ஆனால் புதிய காய்கறி, பழம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் காய்கறி லோடுக்கு எல்.ஆர்.தான் உயிர்.

• இறக்கிய இடத்தில் சீலும் கையெழுத்தும் வாங்கிய எல்.ஆர். பிரதி. கையெழுத்துப் போட்டவர் பெயரையும் போன் எண்ணையும் டிரைவர் எழுதி வாங்கட்டும்.

• பாஸ்டேக் கணக்கு, ஜி.பி.எஸ். பதிவு, டிரிப் ஷீட்.

• வாட்ஸ்அப் பேச்சு. "பத்து லோடு பேலன்ஸ் இருக்கு, வர்ற வெள்ளிக்கிழமை போடுறேன்" என்ற ஒரு செய்தி, பத்துச் சாட்சிக்குச் சமம். பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டும். போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப்போட வேண்டாம்.

லோடு ஏற்றும் முன்பே ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, பதிவு நடப்பில் இருக்கிறதா, முகவரி எது என்று பக்கத்தைப் பிரதி எடுத்துவைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பின்னால் சம்மன் அனுப்பும்போது அந்த முகவரிதான் கைகொடுக்கும். சம்மன் சரியாகச் சேராமல் வாங்கும் ஒருதலைத் தீர்ப்பை எதிர் பார்ட்டி வந்து எளிதாக உடைத்துவிடுவார்.

கவனிக்காவிட்டால் வழக்கே போய்விடும் இடங்கள்

காலவரம்பு மூன்று ஆண்டு. ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனியாக ஓடும். கடைசி லோடு தேதியை மட்டும் மனதில் வைத்தால் முதல் லோடுகள் செத்துப்போகும். மூன்று ஆண்டு முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து வாங்கினால், காலவரம்புச் சட்டம் பிரிவு 18-இன்படி அன்றிலிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தி கையெழுத்தாகுமா என்ற வாதத்துக்கு இடம் தராமல் தாளில் வாங்குங்கள்.

அண்ணன் தம்பி சேர்ந்து கூட்டாக நடத்தும் டிரான்ஸ்போர்ட்டுகள் இந்தப் பகுதியில் நிறைய. கூட்டு நிறுவனம் பதிவு ஆகாமல் இருந்தால், கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 69 ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குப் போடவே விடாது. பதிவு வழக்குப் போடும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வட்டி வேண்டுமென்றால் நோட்டீஸிலேயே கேட்டுவிட வேண்டும். எழுத்தில் வட்டி பேசியிராவிட்டாலும், 1978 வட்டிச் சட்டப்படி நோட்டீஸ் நாளிலிருந்து கேட்க அது வழிசெய்யும்.

தீர்ப்புக்கு முன் ஜப்தி, தீர்ப்புக்குப் பின் வசூல்

ஏமாற்றுகிறவர் வழக்கு நடக்கும் காலத்தில் சொத்தை மாற்றிவிடுவார். அதற்காகவே கட்டளை 38 விதி 5 தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியைத் தருகிறது. ஆனால் கடன் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் கிடைக்காது. தீர்ப்பை முடக்கும் நோக்கத்தோடு சொத்தை விற்கவோ அகற்றவோ போகிறார் என்று பிரமாணப் பத்திரத்தில் விவரம் தரவேண்டும். இது கடுமையான அதிகாரம், உத்தரவாதம் இல்லாத கடனை உத்தரவாதமுள்ள கடனாக மாற்றப் பயன்படக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ராமன் டெக் வழக்கில் எச்சரித்தது. பூட்டிய கடையின் படம், ரத்தான பதிவு, இதேபோல் ஏமாந்த மற்ற லாரிக்காரர்களின் பிரமாணப் பத்திரம் எல்லாம் இங்கேதான் பலன் தருகின்றன.

தீர்ப்பு உத்தமபாளையத்தில் வந்தாலும் சொத்து இடுக்கி மாவட்டத்திலோ எர்ணாகுளத்திலோ இருந்தால், பிரிவு 39-இன்படி தீர்ப்பாணையை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றி நிறைவேற்றலாம். வழக்கை முதலிலிருந்து நடத்தத் தேவையில்லை. நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. நிலத்தைத் தேடி அலைவதற்கு முன், அவருக்குப் பணம் தரவேண்டிய வேறு வியாபாரிகளையும் அவர் வங்கிக் கணக்கையும் பாருங்கள். கட்டளை 21 விதி 46ஏ-இன்படி, அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நேரே நீதிமன்றத்தில் கட்டச் சொல்ல முடியும். நமக்கு அட்வான்ஸ் அனுப்பிய பழைய வங்கிப் பரிமாற்றத்திலேயே அவர் கணக்கு இருக்கும் வங்கி தெரிந்துவிடும்.

கடைசி வழி சிவில் சிறை. பணமே இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் கேரளத்திலிருந்து வந்த ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் சொல்லிவிட்டது. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் பிரிவு 51 இப்படிப்பட்டவர்களை விடுவதில்லை: கட்ட வசதி இருந்தும் கட்ட மறுப்பவர், வழக்குத் தொடுத்தபின் நேர்மையற்ற முறையில் சொத்தை மாற்றியவர் அல்லது மறைத்தவர். அவர்களை மூன்று மாதம் வரை வைக்கலாம். வேறு பெயரில் கடை திறந்து அதே வியாபாரம் செய்கிறார், மனைவி பெயருக்கு லாரியை மாற்றினார் என்பதற்கான ஆதாரத்தை வழக்கு நடக்கும் காலம் முழுக்கச் சேர்த்துவைத்தவர், இந்த இடத்தில் அதைத் தாக்கல் செய்து காரணம் கேட்கும் நோட்டீஸ் அனுப்பச் சொல்லலாம்.